"டீச்சர், அவனுக்கு மட்டும் ஏன்?"

மூன்றாம் வகுப்பு. பார்வை குறைந்த பையனை முன்வரிசைக்கு மாற்றினாலோ, மெதுவாக எழுதும் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் கூடக் கொடுத்தாலோ, "அவனுக்கு மட்டும் ஏன்?" என்று கூச்சல். பல நாளை விழுங்கிய தொல்லை ஒருவழியாக அடங்கிவிட்டது.

குட்டையான பிள்ளைக்குக் கூடுதல் பெட்டி கொடுப்பதே நியாயம் என்று காட்ட, பெட்டிமேல் ஏறி மதிலுக்கு மேலாக மேட்ச் பார்க்கும் பிள்ளைகள் படத்தைக் காட்டினேன்; எடுபடவில்லை. "டிக்கெட் வாங்காம பாக்கலாமா?" என்று பேச்சு திசைமாறியது (கேள்வி நியாயம்தான்). கைதூக்கும் வாக்கெடுப்பு அதைவிட மோசம். ஆள் அதிகமுள்ள பக்கமே ஜெயித்தது.

கைகொடுத்தது சீட்டு. ஐந்து பேர் கொண்ட குழு, ஆளுக்கொரு மூடிய சீட்டு, உள்ளே அவர் யாராக இருக்க வேண்டும் என்ற குறிப்பு. யார் எங்கே உட்காருவது, எழுத எவ்வளவு நேரம் என்ற விதியைப் பலகையில் எழுதிய பிறகே பிரிக்க வேண்டும். தனக்கு எது வரும் என்று தெரியாமல் விதி செய்வது அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் விரித்துச் சொன்ன யோசனைதான்.

ஐந்தில் இரண்டு சீட்டிலாவது "வலது கையில் மாவுக்கட்டு", "காது மந்தம்" போல ஏதாவது இருக்கட்டும். ஒன்று மட்டும் என்றால் "எனக்கு வராது" என்று துணிந்துவிடுகிறார்கள். நோட்டுத்தாள் வேண்டாம்: மறுபக்கம் எழுத்து தெரியும், எட்டிப் பார்த்துத் தனக்கேற்ப விதியை வளைப்பார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை நல்லது. வகுப்பில் நிஜமாகவே ஒரு பிள்ளைக்கு உள்ள குறையைச் சீட்டில் எழுதாதீர்கள். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும்.