நியூயோர்க்கில் கார் ஓட்டப்போகும் யாழ்ப்பாணத்தவருக்கு

கண்டி வீதியில் ஓடிப் பழகிய கைக்கு முதலில் தடுமாறுவது பக்கம்தான். நியூயோர்க்கில் வலப்பக்கம் ஓடவேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். தரிப்பிடத்திலிருந்து வெளியே வரும்போதும் இடப்பக்கம் திரும்பும்போதும் பழைய பழக்கம் பிழைவிட வைக்கும்.

வீதியின் பெயரைக் கவனியுங்கள். ‘எக்ஸ்பிரஸ்வே’யில் லொறியும் போகும், ‘பார்க்வே’ கார்களுக்குத்தான். வீடு மாற வாடகைக்கு எடுத்த லொறியும் அதில் ஏறக்கூடாது. பாலங்கள் பல தாழ்வானவை, கூரை பிய்ந்துவிடும். கைபேசி வரைபடத்துக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது.

ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு வான் விக் எக்ஸ்பிரஸ்வேயில் (ஐ-678) வடக்கே போங்கள். இலங்கையர் பலர் வாழும் ஸ்டேட்டன் ஐலன்டுக்கு என்றால் பெல்ட் பார்க்வேயில் மேற்கே போய் வெரசானோ பாலம் ஏறவேண்டும். பாலத்துக்குக் கட்டணம் உண்டு, ஆனால் காசு வாங்க ஆள் இல்லை. காரில் ஒட்டும் மின்னணுக் கட்டணக் கருவியான ‘ஈ-இசட்பாஸ்’ இல்லாவிட்டால் இலக்கத்தகட்டைப் படமெடுத்து உரிமையாளருக்கு பில் அனுப்புவார்கள். வாடகைக் கார் என்றால் அதன்மேல் நிறுவனத்தின் கட்டணமும் சேரலாம். காரை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வேகம் மைலில். நகரத் தெருவில் பலகை இல்லாவிட்டால் 25 மைல், அதாவது 40 கிலோமீற்றர். சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்பலாம் என்று வேறு மாநிலத்துச் சொந்தக்காரர் சொல்வார்கள். நியூயோர்க் நகருக்குள் பலகை அனுமதித்தால் ஒழியத் திரும்பக்கூடாது.