ரைடு சிம்பலில் ஜாஸ் நடை: தொடக்கநிலை டிரம்ஸ் மாணவர்களுக்கான பயிற்சி

ஜாஸ் டிரம்ஸ் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டுவிடுவது "டிங், டிங்-க, டிங், டிங்-க" என்று ஓடும் ரைடு சிம்பல் (டிரம்ஸ் தொகுப்பில் தாளத்தைத் தொடர்ந்து வாசிக்கும் பெரிய உலோகத் தட்டு) பேட்டர்ன். கை அதைப் பிடித்துக்கொள்ள அரை மணி நேரம்கூடத் தேவைப்படாது. ஆனால் அதே பேட்டர்னைத் தேர்ந்த கலைஞர் ஒருவர் வாசிக்கும்போது கேட்பவரின் கால் தானாகத் தாளம் போடத் தொடங்குகிறது. நாம் வாசிக்கும்போது, எல்லா அடிகளும் சரியான இடத்தில் விழுந்தும், பாட்டு நகராமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி 1, 2, 3, 4 என்று எண்ணும் நான்கு சாதாரண பீட்களில் இருக்கிறது என்பதுதான் பல ஆண்டுகள் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் நான் வந்து சேர்ந்த முடிவு. காதைக் கவரும் அந்தக் குட்டி "க" அடியை, அதாவது இடை அடியை, எல்லோரும் பயிற்சி செய்கிறார்கள்; அதைத் தாங்கி நிற்கும் நான்கையும் மிகச் சிலரே பயிற்சி செய்கிறார்கள்.

ரைடு சிம்பலுக்கு இந்தப் பொறுப்பு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பயிற்சியின் நோக்கம் தெளிவாகும். 1930-களின் ஸ்விங் என்ற ஜாஸ் வகையில் தாளத்தின் காலத்தைச் சுமந்தது முக்கியமாகக் காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்தான். கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் அந்தச் சுமையின் பெரும்பகுதியை, காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹாட்டுக்கு மாற்றி, ஓசையை இலேசாக்கினார். 1940-களின் தொடக்கத்தில், நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற ஜாஸ் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க், காலம் காக்கும் வேலையை ரைடு சிம்பலிடம் ஒப்படைத்துவிட்டு, கிக் டிரம்மையும் ஸ்னேர் என்ற சிறிய டிரம்மையும் இடையிடையே பேசும் குரல்களாக விடுவித்தார். ஸ்விங்குக்குப் பின் வந்த பீபாப் என்ற ஜாஸ் வகையின் டிரம்ஸ் வாசிப்பு இதன்மேல்தான் எழுந்தது. ஆக, உங்கள் வலது கை வாசிப்பது அலங்காரம் அல்ல. குழுவில் உள்ள அனைவரும் சாய்ந்து நிற்கும் தூண் அது.

முதல் படி: சிம்பலை வைக்கும் இடம்

20 அல்லது 22 அங்குல ரைடு சிம்பல் இருந்தால் போதும். உட்கார்ந்த நிலையில் தோளை உயர்த்தாமல், முழங்கை விலாவுக்கு அருகிலேயே இருக்க, ஸ்டிக்கின் முனை இயல்பாகச் சென்று தொடும் உயரத்தில் அதை வைத்து, உங்கள் பக்கம் சற்றே சாய்த்துக்கொள்ளுங்கள். ராக் குழுக்களின் மேடை அமைப்பைப் பார்த்துவிட்டு எட்டாத உயரத்தில் வைக்கிறவர்கள், பத்து நிமிடத்தில் தோள் வலித்து, அந்த வலியையே ஓசையாக வாசிக்கிறார்கள். மேலே உள்ள திருகாணியை இறுக்கிவிடாதீர்கள். சிம்பல் அசைந்தாடினால்தான் முழுமையாக ஒலிக்கும்.

அடிக்க வேண்டிய இடம், 20 அங்குலச் சிம்பலில், விளிம்பிலிருந்து ஏறத்தாழ நான்கு அங்குலம் உள்ளே இருக்கிறது. விளிம்பை நெருங்கினால் இரைச்சல் திரண்டு பீட்களை மூழ்கடித்துவிடும். நடுவில் உள்ள பெல்லை நெருங்கினால் ஓசை வறண்டுபோகும். இதைச் சோதிக்க நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி ஒன்று உண்டு. மர முனையுள்ள ஸ்டிக்கின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஒரு நிமிடம் வாசித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் ஐம்பது காசு நாணய அளவுக்குள் குவிந்திருந்தால் கை நிலையாக இருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியிருந்தால், ஒவ்வொரு அடியும் வேறு வேறு ஓசையில் விழுகிறது என்று பொருள். காலம் பிசகியதாக நமக்குத் தோன்றும் பல இடங்களில் உண்மையில் மாறியிருப்பது ஓசையின் நிறம்தான் என்பதால், இந்தச் சோதனையை அலட்சியம் செய்ய வேண்டாம்.

இரண்டாம் படி: பிடி

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஸ்டிக்கை அச்சாகப் பிடித்து, மற்ற மூன்று விரல்களும் அதைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும். கட்டைவிரல் மேல்நோக்கி இருக்குமாறு கையைச் சற்றுத் திருப்பிக்கொண்டால் விரல்களுக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். இப்போது ஸ்டிக்கைச் சிம்பலின் மேல் ஒருமுறை விழவிட்டு, அது தானாகத் துள்ளி எழுவதைக் கவனியுங்கள். ஸ்னேரிலோ பயிற்சிப் பலகையிலோ கிடைக்கும் துள்ளல் இங்கே கிடைக்காது, ஏனென்றால் சிம்பல் அடியை வாங்கிக்கொண்டு கீழே சாய்கிறது. அந்தக் குறைவை ஈடுகட்ட ஸ்டிக்கை இறுகப் பிடிக்கத் தோன்றும். இறுக்கினால் ஓசை நெரிபடும். அடித்த கணத்திலேயே கையை மேலே எடுத்துக்கொள்ளப் பழகுங்கள். சூடான தோசைக்கல்லில் எண்ணெய் தடவும் கை கல்லில் தங்குவதில்லை அல்லவா, அதே போல.

மூன்றாம் படி: நான்கு பீட்கள் மட்டும்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அதனால் இதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

நான் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், என்னைவிட மிக மூத்தவரான ஒரு டபுள் பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பெரிய கம்பிக் கருவி) கலைஞருடன் ஒத்திகை பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் அவர் நிறுத்தி, "தம்பி, அந்த இடை அடியை எல்லாம் விட்டுவிட்டு, நாலு அடி மட்டும் வாசி. என் விரல் கம்பியை இழுக்கிற நேரமும் உன் ஸ்டிக் விழுகிற நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேள்" என்றார். அந்தப் பாட்டு முழுவதும் 1, 2, 3, 4 என்று மட்டுமே வாசித்தேன். முதல் இரண்டு நிமிடங்கள் எதுவுமே நடக்காதது போல இருந்தது. பிறகு ஓர் இடத்தில் அவருடைய கம்பியின் தடித்த ஒலியும் என் சிம்பலின் மெல்லிய "டிக்" ஒலியும் ஒட்டிக்கொண்டு ஒரே கருவியின் ஒலியாக மாறின. அன்று கேட்ட ஒலியைத்தான் இன்றும் ஒவ்வொரு பாட்டிலும் தேடுகிறேன்.

சீரான இடைவெளியில் ஒலித்து வேகம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 பீட் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பீட்டுக்கும் ஓர் அடி என்று பத்து நிமிடம் நிறுத்தாமல் வாசியுங்கள். எல்லா அடிகளும் ஒரே உயரத்திலிருந்து, ஒரே இடத்தில், ஒரே எடையோடு விழ வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் சலிப்பு வரும், ஐந்தாவது நிமிடத்தில் கை தானாக வேகமெடுக்கப் பார்க்கும், ஏழெட்டு நிமிடம் கடந்த பிறகுதான் காது திறக்கும். அப்போது இரண்டு அடிகளுக்கு இடையில் உள்ள இடைவெளியின் நீளத்தை உணரத் தொடங்குவீர்கள். அந்த இடைவெளியை அவசரமின்றி முழுமையாக நிறைய விடுவதுதான் நாம் தேடும் நடையின் அடிப்படை.

கைபேசியை ஏழெட்டு அடி தள்ளி வைத்து இதைப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அருகில் வைத்தால் சிம்பலின் ஓசை பிளந்து பதிவாகும். வாசித்த உடனே கேட்டால், கையின் நினைவு காதை ஏமாற்றிவிடும்.

நான்காம் படி: இடை அடி

கர்நாடக இசையில் சிறிதளவு பழக்கம் இருந்தாலும் இது எளிதில் புரியும். ஒவ்வொரு பீட்டையும் திஸ்ர நடையில் "த-கி-ட" என்று மூன்றாகப் பிரித்து வாயால் சொல்லுங்கள். 1-ஆவது, 3-ஆவது பீட்களில் "த" மட்டும் அடி. 2-ஆவது, 4-ஆவது பீட்களில் "த"வும் "ட"வும் அடி. "கி" எப்போதும் மௌனம். அந்த "ட"தான் இடை அடி. முதலில் வாய் சொல்லட்டும், கை சும்மா இருக்கட்டும். வாயில் தடுமாறாமல் வந்த பிறகு கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கநிலையில் ஏறத்தாழ எல்லோரும் செய்யும் தவறு, இந்த "ட"வைப் பீட்டைவிடச் சத்தமாக அடிப்பது. ஏனென்றால் கவனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதை முந்தைய பீட்டின் வாலாக நினைக்காமல், அடுத்த பீட்டுக்குள் நுழையும் வாசற்படியாக நினைத்துக்கொள்ளுங்கள்: 2-இன் "ட" 3-க்குச் சொந்தம், 4-இன் "ட" அடுத்த பாரின் (நான்கு பீட் கொண்ட அடுத்த அலகின்) 1-க்குச் சொந்தம். கையளவில் பார்த்தால், 2-ஆவது பீட்டை மணிக்கட்டால் அடித்து, ஸ்டிக் துள்ளி எழும்போது அதை முழு உயரத்துக்குப் போகவிடாமல், இரண்டு மூன்று அங்குல உயரத்திலிருந்தே விரல்களால் மெல்ல இழுத்து "ட"வைத் தொட்டுவிட்டு, 3-ஆவது பீட்டுக்கு மறுபடியும் மணிக்கட்டைப் பயன்படுத்துங்கள். உயரம் குறைந்தால் சத்தம் தானாகக் குறையும். வலிந்து அடக்க வேண்டியதில்லை.

ஆனால் திஸ்ரக் கணக்கு ஓர் ஏணி மட்டுமே என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கர்நாடக இசையில் த, கி, ட மூன்றும் சம அளவு கொண்டவை. ஜாஸ் ரைடில் அந்த இடை அடி பாட்டின் வேகத்துக்கேற்ப இடம் மாறுகிறது: மெதுவான பாட்டில் அது இன்னும் பிந்தி, அடுத்த பீட்டை ஒட்டி விழுகிறது, நடுத்தர வேகத்தில் திஸ்ரத்துக்கு அருகில் இருக்கிறது, நிமிடத்துக்கு 300 பீட்டை நெருங்கும்போது இரண்டு பீட்களுக்கு ஏறத்தாழ நடுவிலேயே விழுந்து, பேட்டர்ன் சமமாக ஒலிக்கிறது. கலைஞருக்குக் கலைஞரும் இது மாறும். ஆகவே எல்லா வேகத்திலும் "தகிட"வைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால், மெதுவான பாட்டு கனமிழக்கும், வேகமான பாட்டு நொண்டும்.

ஐந்தாம் படி: கால்கள்

இடது காலால் ஹை-ஹாட்டை 2-ஆவது, 4-ஆவது பீட்களில் "சிக்" என்று கச்சிதமாக மூடுங்கள். ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் பதிவுகளில் இந்த "சிக்" எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ரைடின் 2-ஆவது, 4-ஆவது பீட்களும் இந்த ஒலியும் ஒரே கணத்தில் விழ வேண்டும்; நூலிழை முன்பின் ஆனால்கூட இரண்டு ஒலிகளாகப் பிரிந்து கேட்கும். பெரும்பாலும் கால்தான் முந்திக்கொள்ளும்.

இது படிந்த பிறகு மெட்ரோனோமின் வேலையை மாற்றுங்கள். நிமிடத்துக்கு 60 என்று வைத்து, அந்த ஒலியை 2 என்றும் 4 என்றும் எண்ணிக்கொண்டால், நீங்கள் வாசிக்கும் வேகம் 120 ஆகிவிடும். தொடங்குவது முதலில் கடினமாக இருக்கும். மெட்ரோனோம் ஒலிக்கும்போதெல்லாம் "இரண்டு", "நான்கு" என்று சில முறை வாயால் சொல்லி, பிறகு இடையில் "ஒன்று", "மூன்று" சேர்த்து, அதன் பின் கையைத் தொடங்குங்கள். முதல் பீட்டை உங்களுக்குச் சொல்ல இப்போது எந்தக் கருவியும் இல்லை. அதை நீங்களே நிலைநிறுத்த வேண்டியிருக்கிறது. இந்த ஒரு பயிற்சியில் மட்டும் தினமும் கால் மணி நேரம் செலவிட்ட மாணவர்களிடம், மற்றவர்களைவிட விரைவாக மாற்றம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கிக் டிரம்மில் நான்கு பீட்களையும் காதில் தனியாகக் கேட்காத அளவுக்கு மெல்லத் தொடுவதை ஃபெதரிங் என்கிறார்கள். அடிப்பான் தோலிலிருந்து ஓரிரு அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. அறையின் வாசலில் நிற்பவருக்கு அது தனி ஒலியாகக் கேட்டால் அளவு மிஞ்சிவிட்டது. அந்த நிலையில் கிக்கை நிறுத்திவைப்பதே நல்லது. இடது கை ஸ்னேரில் எதுவும் வாசிக்காமல் இருக்கட்டும். முதல் சில வாரங்களுக்கு அதை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆறாம் படி: பதிவோடு சேர்ந்து வாசித்தல்

தொடக்கநிலைக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது, 1959-இல் நியூயார்க்கில் பதிவான, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் ப்ளூ" தொகுப்பின் முதல் பாட்டான "சோ வாட்". டிரம்ஸ் ஜிம்மி கோப், டபுள் பேஸ் பால் சேம்பர்ஸ். மைல்ஸின் தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் கோப் ஒரு சிம்பலை ஓங்கி அடித்து அது கரைய விடுகிறார்; அதிலிருந்து சேம்பர்ஸ் பீட்டுக்கு ஒரு சுரமாக நடக்கத் தொடங்குகிறார். முதல் நாள் ஸ்டிக்கைத் தொடாதீர்கள். கோப்பின் ரைடை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். நான்கு பீட்களும் எவ்வளவு நேராகவும் சமமாகவும் நிற்கின்றன, இடை அடி அவற்றுக்கு நடுவில் எவ்வளவு மென்மையாக வந்து போகிறது என்பதை அங்கே கேட்கலாம். பேட்டர்னை மாறாமல் திருப்பித் திருப்பி அடிப்பது கட்டாயமல்ல என்பதும், நான்கு பீட்கள் உறுதியாக நின்றால் இடை அடியைச் சேர்ப்பதும் விடுவதும் வாசிப்பவரின் விருப்பம் என்பதும் அப்போது புரியும்.

இரண்டாம் நாள் நான்கு பீட்கள் மட்டும் சேர்ந்து வாசித்து, சேம்பர்ஸின் சுரங்களோடு உங்கள் ஸ்டிக்கின் "டிக்" ஒலியை ஒட்டவையுங்கள். பதிவின் சத்தத்தைவிட உங்கள் சிம்பல் சத்தமாக இருக்கக் கூடாது. மூன்றாம் நாள் இடை அடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அது நன்றாக வந்த பிறகு ஒரு சோதனை. பாட்டு 32 பார்கள் கொண்ட சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றும் எட்டு எட்டுப் பார்களாகப் பிரியும். பதிவோடு எட்டு பார்கள் வாசித்து, அடுத்த எட்டு பார்களுக்கு நண்பர் ஒருவரை ஒலியை முழுவதும் குறைத்துவிடச் சொல்லி, நீங்கள் மட்டும் தொடர்ந்து வாசியுங்கள். ஒலி திரும்பி வரும்போது நீங்கள் முந்தியிருந்தால், இடை அடியை விட்டுவிட்டு மறுபடியும் நான்கு பீட்களுக்குத் திரும்புங்கள்; பிந்தியிருந்தால், ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் விரல்களின் இறுக்கத்தை முதலில் பாருங்கள். ஒலி திரும்பும் அந்தக் கணத்தில் சேம்பர்ஸின் சுரம் சரியாக உங்கள் ஸ்டிக்கின் அடியிலேயே வந்து விழுந்தால், எட்டை பதினாறாக்கிக்கொள்ளலாம்.