வைப்பர் ஓடவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள்

வைப்பர் நின்றுவிட்டால் எல்லோரும் முதலில் பழி போடுவது மோட்டார் மேல்தான். அதை வாங்கி மாட்டிய பிறகு எர்த் வயர் (மோட்டாரைக் காரின் பாடியோடு, பேட்டரி நெகட்டிவோடு இணைப்பது) கழன்றிருந்தது தெரிந்தால் வயிறு எரியும். ஒரு மல்டிமீட்டர் போதும், பழுது எங்கே என்று நீங்களே பிடித்துவிடலாம்.

முதல் கருவி காதுதான். கண்ணாடியை நனைத்துவிட்டு, சாவியை ஆன் செய்து வைப்பரைப் போடுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் வைப்பர் கை அசையவில்லையா? அடியிலுள்ள நட்டு தளர்ந்திருக்கும், அல்லது லிங்க் (மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் கம்பி) கழன்றிருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஓடினாலும் இதே கதை. இது மின்கோளாறு அல்ல. சத்தமே இல்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து பியூஸ். எது வைப்பருக்கு என்பது பெரும்பாலும் பியூஸ் பெட்டி மூடியிலேயே இருக்கும். சாவியை அணைத்துவிட்டு அதைப் பிடுங்கி, மீட்டரைக் கன்டினியூட்டி நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, அதன் இரு காலிலும் தொட்டால் பீப் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். 20 இருந்த இடத்தில் 30 போட்டால், அடுத்த முறை பியூஸுக்குப் பதில் வயர் உருகும். புதியதும் போய்விட்டால் மூன்றாவதைப் போடாதீர்கள். லிங்க் இறுகி மோட்டார் திணறுகிறது, அல்லது எங்கோ தோல் உரிந்த வயர் பாடியில் உரசுகிறது.

வைப்பருக்குத் தனி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) இருந்தால், அதே எண் போட்ட இன்னொரு ரிலேயை மாற்றிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இனிதான் முக்கியமான இடம்: மோட்டார் கனெக்டர். வயரிங் டயகிராமைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மீட்டரின் முனையைச் செருகி வோல்ட்டை அளக்க வேண்டும். ஏனென்றால் அரித்துப்போன வயர்கூடச் சுமை இல்லாதபோது 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். சுவிட்சை ஸ்லோவில் வைத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து ஸ்லோ வயர் வரை அளந்து பாருங்கள். பேட்டரியின் அளவுக்கு அருகில் வந்தால் சப்ளை சரி. பிறகு மோட்டாரின் எர்த் வயரை அதே நெகட்டிவோடு அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால்தான் மோட்டார் குற்றவாளி.

சப்ளையே வரவில்லையா? ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சையும் இடையிலுள்ள வயரையும் பாருங்கள். வேகமாக மட்டும் ஓடினால், ஸ்லோ வயரில் அளந்து பாருங்கள்: வோல்ட் வராவிட்டால் சுவிட்ச் பக்கம், வந்தால் மோட்டார் பிரஷ் (மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் தரும் கார்பன் துண்டு). அணைத்ததும் பாதிக் கண்ணாடியில் நின்றால், வைப்பரைக் கீழே கொண்டுவந்து நிறுத்தும், மோட்டாருக்குள் இருக்கும் பார்க் சுவிட்சைச் சந்தேகியுங்கள். மோட்டாருக்குள்ளேயே கட்டுப்பாட்டுச் சர்க்யூட் வைத்த புதிய கார்களில் இந்த அளவீடு எடுபடாது, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர்தான் வழி.

லிங்க் பக்கம் கை வைக்கும் முன் சாவியை அணையுங்கள். வைப்பர் திடீரென்று ஓடினால் விரல் நசுங்கும். மோட்டார் மாற்றினால், வைப்பர் கையை மாட்டும் முன் ஒருமுறை ஓட்டி அணைத்து, பார்க் நிலைக்கு வரவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் வீச்சிலேயே அது பானெட்டில் அடிக்கலாம்.