பின்தங்கும் நடுநிலைப் பள்ளி மாணவரை மீட்க: ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர், மதிப்பெண் குறைந்த மாணவரின் விடைத்தாளைத் திருத்தி வைத்த கையோடு வருகைப் பதிவேட்டையும் மூன்று மாதம் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். அறுவடை நாட்களில் மட்டும் விடுப்பு என்றால், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இருக்கலாம். தை பிறந்ததும் பிள்ளை அடியோடு வராமல் போனால், பெற்றோர் செங்கல் சூளைக்குக் கிளம்பியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட குடும்பத்தாரிடம், பாட்டி வீட்டிலோ அரசு விடுதியிலோ பிள்ளையைத் தங்கவைப்பது பற்றி மார்கழியிலேயே பேசிவிடுங்கள்.

அடுத்தது பசி. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கென வகுக்கப்பட்டது. அதனால் ஒரே வளாகத்தில் மூன்றாம் வகுப்புத் தங்கை உப்புமா சாப்பிட, ஆறாம் வகுப்பு அண்ணன் வாசற்படியில் நிற்பதைக் காணலாம். அவனுக்கு மதியச் சத்துணவுதான். முதல் பாடவேளையில் கணக்கை வைக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாகவே எழுப்புங்கள்.

பிறகு, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் ஏழாம் வகுப்பு மாணவர், ஒன்றாம் இடத்தில் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறார். கடன் வாங்கிக் கழித்தல் மூன்றாம் வகுப்பிலேயே நழுவிவிட்டது. அவருக்கு இயற்கணிதம் நடத்துவதைவிட, தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்துக் கழிக்கச் செய்வது, பாடத்திட்டம் பின்தங்கினாலும், நல்லது என்பேன்.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுக்கு ஏழாம் வகுப்பிலேயே தயாராக வேண்டும். அவ்வகுப்பில் 55 விழுக்காடு, பட்டியலின, பழங்குடி மாணவருக்கு 50 விழுக்காடு மதிப்பெண் தேவை. தேர்வானால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்கு அலையும் தாய்க்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி என்பதால், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடமே கொடுத்தனுப்புங்கள்.