பழைய வண்டிகளின் ஹெட்லைட், இண்டிகேட்டர் சுவிட்சுகள்: குணம் அறிந்து பழுது பார்க்கும் முறை

பழைய வண்டியில் ஹெட்லைட் மங்கினால் பல்பை மாற்றுவதுதான் பலருடைய வழக்கம். பல்பைத் தொடுவதற்கு முன் சுவிட்சைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிய வண்டிகளில் சுவிட்சின் வேலை ஆணையிடுவதோடு முடிந்துவிடுகிறது. மின்சாரத்தைச் சுமப்பது, சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் பொறுப்பு. ரிலே இல்லாத பழைய வண்டிகளிலோ, ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் நம் விரலுக்கு அடியில் இருக்கும் அந்தச் சிறிய பித்தளைத் தகடுகளைக் கடந்துதான் போகிறது. 60 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால், 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியர்.

முதலில், பழுது எது, அமைப்பே அப்படித்தானா என்று பிரித்தறிய வேண்டும். டாஷ்போர்டிலிருந்து இழுக்கும் குமிழ் கொண்ட கார்களில் முதல் இழுப்புக்குப் பார்க்கிங் விளக்கும் இரண்டாம் இழுப்புக்கு ஹெட்லைட்டும் எரியும். அதே குமிழைத் திருகினால் மீட்டர் விளக்குகளின் வெளிச்சம் கூடும், குறையும். மீட்டர் விளக்கு எரியவில்லை என்று ஒயரிங்கைப் பிரிக்கும் முன் குமிழைத் திருகிப் பாருங்கள். டிம், பிரைட் மாற்றும் சுவிட்ச் இடது காலருகே தரையில் இருக்கும் கார்களும் உண்டு. மிதியடியின் ஈரமும் மண்ணும் அதற்குள் இறங்கித் துருவேற்றுவது வழக்கம். சில ஜெர்மன் கார்களில் சாவியை அணைத்த பின் இண்டிகேட்டர் தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அந்தப் பக்கத்துப் பார்க்கிங் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். காலையில் பேட்டரி இறங்கியிருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஹெட்லைட் சில நிமிடங்கள் எரிந்து, தானாக அணைந்து, மீண்டும் எரிந்தால், சுவிட்சுக்குள் இருக்கும் வெப்பத் துண்டிப்பான் சுமை மிகுந்து வேலை செய்கிறது என்று பொருள். அதை நேரடி இணைப்பால் தவிர்த்துவிடாதீர்கள், ஒயர் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

அடுத்து அளந்து பார்க்க வேண்டும். ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் மீதும் மறுமுனையைப் பல்பு சாக்கெட்டுக்கு மின்சாரம் வரும் டெர்மினல் மீதும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ மின்னழுத்தம் வீணாகிறது. சுவிட்சுக்குள் நுழையும் ஒயருக்கும் வெளியேறும் ஒயருக்கும் இடையே மீண்டும் அளந்தால், குற்றம் சுவிட்சினுடையதா என்பது தெரிந்துவிடும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதால், இந்தச் சிறிய எண்களை அலட்சியப்படுத்தக் கூடாது.

சுவிட்சைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஒயரின் இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பிரித்த ஒரு சுவிட்சில், வெள்ளை பிளாஸ்டிக் ஒரே ஒரு டெர்மினலைச் சுற்றி மட்டும் வெந்த பாகு நிறத்துக்கு மாறி, டெர்மினல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. விரலால் தொட்டதும் அது ஆடியது. இந்த அளவுக்கு வெந்ததைச் சுத்தம் செய்து பயனில்லை, சுவிட்சை மாற்றுவதே நல்லது. வெறும் கறுப்புப் படிந்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் தெளித்து, மெல்லிய துணியால் துடைத்தால் போதும். முரட்டு உப்புத்தாள் வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் மீண்டும் கறுத்துவிடும். உள்ளே ஸ்பிரிங்கும் சிறு குண்டும் இருக்கும், திறந்ததும் அவை தெறித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே திறப்பது என் பழக்கம்.

சுத்தம் செய்த பின் டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலேக்கள் பொருத்திவிடுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30 என்ற டெர்மினலுக்கும், 87-லிருந்து பல்புக்கும் தடித்த ஒயர் போக வேண்டும். 85, 86 இரண்டில் ஒன்றுக்குப் பழைய சுவிட்ச் ஒயரும் மற்றதற்கு எர்த்தும் (வண்டியின் உலோக உடலோடு இணைப்பு) போதும். அதன் பிறகு சுவிட்ச் சுமப்பது கால் ஆம்பியருக்கும் குறைவே. பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இதற்கு இணையானது குறைவு.

இண்டிகேட்டரின் குணம் வேறு. அதைத் துடிக்கவைக்கும் பழைய பிளாஷருக்குள் இருப்பது சூடேறி வளையும் உலோகத் தகடு. பல்புகள் இழுக்கும் மின்சாரமே அதைச் சூடாக்குகிறது. ஒரு பல்பு போனால் துடிப்பின் வேகம் மாறும், அல்லது துடிக்காமல் எரிந்தபடி நிற்கும். 21 வாட் பல்புக்குப் பதில் எல்இடி போட்டாலும் இதே நிலைதான். எல்இடிக்கு உரிய எலக்ட்ரானிக் பிளாஷரை மாற்ற வேண்டும். மீட்டரில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே அம்புக்குறி விளக்கு இருந்தால், அது எதிர்ப் பக்கத்துப் பல்புகள் வழியாக எர்த் பெறுவதாக இருக்கும். எல்இடி போட்டதும் நான்கு பக்கமும் சேர்ந்து துடிப்பதற்குக் காரணம் இதுதான். இண்டிகேட்டரோடு பின்விளக்கும் சேர்ந்து மினுக்கினால் சுவிட்சை விட்டுவிட்டுப் பின்விளக்கின் எர்த் திருகைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள்.

திருப்பத்துக்குப் பின் தண்டு ஒரு பக்கம் மட்டும் சீக்கிரமே திரும்பிவிட்டால், யாரோ முன்பு ஸ்டியரிங்கைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கக்கூடும். சக்கரங்களை நேராக நிறுத்தி, தண்டை நடுவில் வைத்து, ஸ்டியரிங்கையும் அதன் அச்சையும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொண்ட பிறகே நட்டைத் தளர்த்துங்கள்.