ஒற்றை சிலிண்டர் பைக் எந்தப் பந்தயப் பிரிவில் சேரும்? சிசியை அளந்து உறுதிசெய்யும் முறை

கிளப் பந்தயங்களில் ஒற்றை சிலிண்டர் பைக்குகளைப் பெரும்பாலும் சிசி வரம்பை வைத்தே பிரிக்கிறார்கள். சந்தேகம் எழுந்தால் முடிவு செய்வது பக்கவாட்டில் ஒட்டியுள்ள எண்ணன்று, இன்ஜினைத் திறந்து அளக்கும்போது கிடைக்கும் எண்ணே. ஆகவே பெயர் கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

முதலில் நடப்பு ஆண்டின் விதிப்புத்தகத்தில் உங்கள் பிரிவுக்கான பக்கத்தோடு பொது விதிகளையும் படியுங்கள். வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எந்த மாற்றமும் தடைசெய்யப்பட்டதே என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது கணக்கு. சிலிண்டர் விட்டத்தின் வர்க்கத்தை ஸ்ட்ரோக்காலும் (பிஸ்டன் மேல்நிலையிலிருந்து கீழ்நிலைவரை நகரும் தொலைவு) 0.7854-ஆலும் பெருக்கி, 1000-ஆல் வகுக்க வேண்டும்; அளவுகள் மில்லிமீட்டரில் இருந்தால் விடை சிசியில் வரும். யமஹா எஸ்ஆர் 500-இன் விட்டம் 87 மி.மீ., ஸ்ட்ரோக் 84 மி.மீ.; விடை ஏறத்தாழ 499.4 சிசி.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது இதற்கு அடுத்த படி. தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்து (உட்சுவரைக் கடைந்து விட்டத்தைப் பெரிதாக்கி) 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன், அதாவது மூல அளவைவிட அவ்வளவு பெரிய பிஸ்டன், போட்டாலே இந்த இன்ஜின் 502.2 சிசி ஆகிவிடும்; 0.5 மி.மீ. என்றால் 505.1 சிசி. விட்டம் 87.05 மி.மீ.-ஐச் சற்றே தாண்டியதும் 500 வரம்பு முடிந்துவிடுகிறது. சில விதிப்புத்தகங்கள் ரீபோருக்குச் சலுகை தருகின்றன. ஆனால் அந்தச் சலுகை பிரிவின் வரம்பையே உயர்த்துகிறதா, அல்லது வரம்புக்குள் இருக்கும்வரை மட்டும் பெரிய பிஸ்டனை அனுமதிக்கிறதா என்பதை ஒவ்வொரு சொல்லாகப் படித்துத் தெளிய வேண்டும். தெளிவில்லையெனில் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். சலுகை இல்லையென்றால், புதிய ஸ்லீவ் (சிலிண்டரின் உட்குழாய்) இறக்கி மூல அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது மேல் பிரிவில் ஓட வேண்டும்.

இவ்வளவு நுண்ணிய அளவுக்கு வெர்னியரை நம்பாதீர்கள். மைக்ரோமீட்டரில் பூச்சியம் வைத்த போர் கேஜ் (சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) ஒன்றே எனக்குத் திருப்தி தருகிறது. சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கு நெடுக்காக இரு திசைகளிலும் அளந்து, கிடைத்த மிகப் பெரிய எண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: பழைய இன்ஜினை வாங்கியவர்கள் ஸ்ட்ரோக்கையும் அளக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். கட்டாயம் அளக்க வேண்டும். எஸ்ஆர் 400-க்கும் விட்டம் அதே 87 மி.மீ.தான், 67.2 மி.மீ. ஸ்ட்ரோக்தான் அதை வேறுபடுத்துகிறது, எனவே விட்டத்தை மட்டும் அளந்தால் உள்ளே எந்தக் கிராங்க் (ஸ்ட்ரோக்கைத் தீர்மானிக்கும் தண்டு) இருக்கிறதென்று தெரியாது. ஸ்பார்க் பிளக் துளை வழியே கம்பி விட்டு அளப்பதும் உதவாது. துளை சாய்வாக இருப்பதால் கம்பி காட்டும் தொலைவு ஸ்ட்ரோக் ஆகாது. ஹெட்டைக் (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றி, பிஸ்டன் ஆடினாலும் அளவு மாறாதபடி ‘பிஸ்டன் பின்’ என்ற, பிஸ்டனைத் தாங்கும் ஊசிக்கு நேர் மேலே டெப்த் கேஜை (ஆழம் அளக்கும் கருவியை) வைத்து, மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் உள்ள வேறுபாட்டை எடுங்கள்.