நீளமான டச்சுச் சொல்லைப் பின்னாலிருந்து உடையுங்கள்

நெதர்லாந்தில் இருந்தால் காப்பீட்டுக் கடிதங்களில் டச்சு எழுத்தில் 33 எழுத்துள்ள ஒரே சொல் வந்து நிற்கும்: ஆர்பைட்ஸொன்ஃகெஸ்ஃகிக்ட்ஹைட்ஸ்ஃபர்ஸேகெரிங் (arbeidsongeschiktheidsverzekering). உடல் முடியாமல் வேலை செய்ய இயலாதவருக்குப் பணம் தரும் காப்பீடு, அவ்வளவுதான். (ஃக என்று எழுதியிருப்பது தொண்டையை உரசி வரும் ஒலி. ‘அஃது’ என்பதில் உள்ள ஆய்தத்தைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும்.)

இதை முதல் எழுத்திலிருந்து கூட்டிப் படிக்காதீர்கள், மூச்சு வாங்கும். கடைசியில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். ஃபர்ஸேகெரிங், அதாவது காப்பீடு. டச்சில் கடைசிச் சொல்தான் தலை, பொருளும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘டெ’, ‘ஹெட்’ என்ற சுட்டும் அதை வைத்துத்தான். அப்புறம் மிச்சத்தில் இணைப்பு ‘ஸ்’ எங்கே என்று தேடுங்கள். மரம், அடி இரண்டும் சேர்ந்து மரத்தடி ஆகும்போது நடுவில் ‘அத்து’ வருகிறதே, அதுமாதிரி ஒரு சாரியைதான் இது. ‘ஹைட்’ என்று முடியும் சொல்லுக்குப் பின் அநேகமாக வந்தே தீரும், ஆகவே ‘ஹைட்ஸ்’ கண்ணில் பட்டால் அங்கே தைரியமாக வெட்டலாம்.

வெட்டிய பிறகுதான் அசை:

ஆர்-பைட்ஸ் | ஒன்-ஃகெ-ஸ்ஃகிக்ட்-ஹைட்ஸ் | ஃபர்-ஸே-கெ-ரிங்

ஒரு துண்டுக்குள் இரண்டு உயிரொலிக்கு நடுவே ஒரே மெய் இருந்தால் அது அடுத்த அசைக்குப் போகும். அழுத்தம் விழும் அசை உயிரில் முடிந்தால் நெடிலாக ஒலிக்கும், ‘ஸே’ அப்படித்தான். அழுத்தம் இல்லாத ஃகெ, ஃபர், கெ எல்லாம் வாய்க்குள்ளேயே மழுங்கிப் போக வேண்டும், நம் ஆட்கள் இவற்றை முழு எகரமாகச் சொல்வதால்தான் கேட்பவருக்குப் புரிவதில்லை. ‘பைட்ஸ்’ என்பதில் எழுதுவது d என்ற மெல்லிய ‘ட’ ஓசை, ஆனால் அசை முடிவில் அது t என்று வல்லினமாகிவிடும். முக்கிய அழுத்தம் பெரும்பாலும் முதல் துண்டில்.

‘என்’ என்ற இன்னொரு இணைப்பும் உண்டு. 1995 எழுத்துச் சீர்திருத்தத்தில் பன்னெகூக் என்ற தோசை மாதிரிப் பண்டத்தின் பெயருக்கு நடுவே ஒரு ‘ன்’ சேர்ந்தது, ஆனால் பெரும்பாலோர் வாயில் அது இன்னும் பன்னெகூக்தான். எழுதுங்கள், உச்சரிக்க வேண்டாம்.

இணைப்பு இடம் தவறினால் பொருளே மாறும். massagebed என்ற ஒரே எழுத்துக்களை மசாஷெ-பெட் என்று பிரித்தால் மசாஜ் கட்டில், மசா-ஃகெபெட் என்று பிரித்தால் பெருங்கூட்டத்தின் பிரார்த்தனை! சூழலைப் பார்த்து முடிவெடுங்கள். எழுத்தில் அசை பிரிப்பது பற்றிச் சந்தேகம் வந்தால் டச்சு மொழி ஒன்றியத்தின் அதிகாரபூர்வச் சொற்பட்டியல் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, அங்கே பாருங்கள்.